ஒரு மணித்தியாலச் சீலிங்

தவசீலனுக்குப் பொன்னாடை போர்த்திய அன்று வாசித்த வாழ்த்துமடலை எழுதியவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லி நீங்கள் அறிய வேண்டாம். இருபத்திரண்டு வரி. இருபத்தொரு வரி உண்மை. மிச்சமுள்ள ஒரு வரி பொய் என்று தெரிந்தும் எழுதினேன். கண்ணாடிச் சட்டம் போட்ட அந்த மடல் இப்போது அவன் வீட்டு அலுமாரிக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி கிடக்கிறது.

என் பெயர் இம்மாகுலேற். பாரிசில் ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையின் பின்பக்கத்தில் மேசை போட்டிருக்கிறேன். பிரெஞ்சு எழுதத் தெரியாதவர்களுக்குக் கடிதமும் படிவமும் எழுதிக் கொடுப்பது என் வேலை. பங்குச் சாமியாரிடம் சொல்லாததையும் சனம் என்னிடம் சொல்லும். என்மேல் உள்ள பக்தியால் அல்ல, படிவத்தில் அதற்கொரு கட்டம் இருப்பதால். தவசீலனையும் அப்படித்தான் தெரியும். அகதி விண்ணப்பத்தில் தொடங்கி, மனைவி நிருபாவை இங்கே கூப்பிட்ட பத்திரம், கடைசியாகப் போட்ட பிரெஞ்சுக் குடியுரிமை விண்ணப்பம் வரை அவனுடைய வாழ்க்கை முழுக்க என் கையெழுத்தில்தான் இருக்கிறது. என்னைவிடப் பதினாறு வயது இளையவன். ஆகவே அவன் என்றே எழுதப்போகிறேன். மடலில் 'திருவாளர்' என்று எழுதியது போதும்.

வன்னியிலிருந்து இரண்டாயிரத்துப் பத்தில் வந்தான். எல்லோரையும்போல முதல் இரண்டு வருடம் ஒரு ரெஸ்ரோறண்டில் கோப்பை கழுவினான். பிறகு ஒரு போர்த்துக்கீச முதலாளி அவனைப் பிளாக்கோ தூக்க எடுத்தார். சுவருக்கும் சீலிங்குக்கும் அடிக்கிற பிளாஸ்ரர் பலகையை இங்கே பிளாக்கோ என்பார்கள். ஒரு பலகை கிட்டத்தட்ட முப்பது கிலோ. லிஃப்ற் இல்லாத கட்டடங்களில் ஐந்தாம் மாடிவரை அவற்றை முதுகில் ஏற்றியே தொழிலைப் படித்தான். ஐந்து வருடத்தில் அவன் அடித்த சீலிங்கில் மூட்டு எங்கே இருக்கிறது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் ஆளைப் பார்க்கமாட்டான், அண்ணாந்து பார்ப்பான். பிறகு எட்டி, விரல் மொளியால் ஒரு தட்டு. ஓரடுக்கா ஈரடுக்கா, உள்ளே பஞ்சு இருக்கிறதா என்று சொல்லிவிடுவான். தேத்தண்ணி குடிக்க வந்த வீட்டில் இது என்ன பழக்கம் என்று நிருபா ஏசுவாள்.

அவனுடைய வாயில் எப்போதும் இருக்கிற சொல் 'தாங்கும்' என்பது. அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அதையும் நான்தான் எழுதினேன். கடைசிச் சண்டை நேரம் அவன் சனத்துக்குப் பங்கர் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தவன். "உள்ளுக்கை இறங்க முதல் சனம் ஒரு கேள்விதான் கேக்கும் அக்கா, தாங்குமோ எண்டு," என்று அகதி விண்ணப்பத்துக்குச் சொன்னான். "தாங்கும் எண்டு சொல்லுவன். வேறை என்னத்தைச் சொல்லுறது?" அந்தப் பழக்கம் அவனுடனேயே விமானம் ஏறி வந்துவிட்டது.

நெருப்புப் பலகையைப் பற்றியும் அவன்தான் எனக்கு விளங்கப்படுத்தினான். சாதாரணப் பலகை வெள்ளை. நெருப்புக்கு நின்றுபிடிக்கிற பலகை ரோஸ் நிறம். "அப்ப ரோஸ் அடிச்சா ஒரு மணித்தியாலம் தாங்குமோ?" என்று கேட்டேன். சிரித்தான். "பலகைக்கு மணித்தியாலம் இல்லை அக்கா. முழு வேலைக்கும்தான் மணித்தியாலம். எத்தினை அடுக்கு, என்ன கம்பி, எத்தினை விரற்கடைக்கு ஒரு ஆணி, மேல் அடுக்கின்ரை மூட்டும் கீழ் அடுக்கின்ரை மூட்டும் விலகி நிக்குதோ, எல்லாத்தையும் அப்பிடியே செய்து, சூளைக்கு மேலை வைச்சு எரிச்சுப் பாத்துத்தான் அந்த இலக்கத்தைக் குடுப்பினம். ஒண்டை மாத்தினாலும் அந்த இலக்கம் எங்களுக்குச் சொந்தமில்லை. சோதினை எழுதினவனுக்குத்தான் சேட்டிபிக்கற். பக்கத்து வாங்கிலை இருந்தவனுக்கு இல்லை."

இவ்வளவும் தெரிந்தவன்தான் அதைச் செய்தான்.

கோகிலன் எங்கள் தெருவில் ஒரு பழைய துணிக்கடையை எடுத்துச் சாப்பாட்டுக்கடை ஆக்கினான். வடை, றோல்ஸ், கொத்து, எல்லாம் எண்ணெய்ச் சட்டியும் நெருப்பும்தான். நேர் மேலே முதலாம் மாடியில் கனகம்மாவும் புருஷன் பூபாலசிங்கமும் இருக்கிறார்கள். பூபாலசிங்கத்துக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது, கட்டிலோடுதான். ஆகவே கடைக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள சீலிங் ஒரு மணித்தியாலம் நெருப்புக்கு நின்றுபிடிக்கவேண்டும் என்று கட்டட நிர்வாகம் எழுத்தில் கேட்டது. ரோஸ் பலகை, ஈரடுக்கு, மேலே கல்பஞ்சு. வேலை தவசீலனுக்கு வந்தது.

அது ஓகஸ்ற் மாதம். பாரிசில் ஓகஸ்றில் எல்லோரும் விடுமுறை, ஆணி விற்கக்கூட ஆள் இல்லை. முதலடுக்கு முடிந்து, இரண்டாமடுக்கில் பாதி போனபோது ரோஸ் பலகை தீர்ந்துவிட்டது. பலகை வாங்குகிற டிப்போ பூட்டு, அடுத்த திங்கள்தான் திறக்கும். கோகிலனுக்கோ கோயில் ஐயர் நாள் குறித்துக் கொடுத்துவிட்டார். அவனுடைய நட்சத்திரத்துக்கு ஆவணியில் பொருந்தியது அந்தத் திங்களுக்கு முந்திய ஒரு புதன்கிழமைதான். காலை ஒன்பதே காலுக்கும் பத்தே காலுக்கும் இடையில் பால் பொங்கவேண்டும். அதைத் தவறவிட்டால் புரட்டாதி வந்துவிடும். புரட்டாதியில் யார் கடை திறப்பார்கள்? பிரெஞ்சுக்காரனின் விடுமுறைக்கும் எங்கள் பஞ்சாங்கத்துக்கும் நடுவில் தவசீலன் ஏணியில் நின்றான்.

"அண்ணை, பெயின்ற் அடிச்சா வெள்ளையென்ன ரோஸென்ன, ஆர் பாக்கப்போறான்?" என்றான் கோகிலன். "பால் காய்ச்சு முடியட்டும். பிறகு கழட்டிப்போட்டு மாத்துவம்."

புறநகர் பொபினியில் ஒரு வேலையில் மிஞ்சிய வெள்ளைப் பலகை தவசீலனின் வான் வண்டிக்குள் கிடந்தது. மிச்சப் பாதிக்கு அதை அடித்தான். அதோடு விடாமல், கடை பளிச்சென்று இருக்கவேண்டுமென்று கோகிலன் எட்டு இடத்தில் விளக்குக்கு ஓட்டை போடுவித்தான். நெருப்புச் சீலிங்கில் ஓட்டை போட்டால் ஒவ்வொன்றுக்கும் மேலே மூடி வைக்கவேண்டும். அந்த மூடியும் டிப்போவில்தான். நிர்வாகம் பெயின்ற் அடிக்க முந்திய படம் கேட்டது. தவசீலன் ரோஸ் பாதியை மட்டும் ஆறு பக்கமாக நின்று ஆறு படம் எடுத்து அனுப்பினான். வேலை முறைப்படி முடிந்தது என்ற பத்திரத்தை என்னிடம் கொண்டுவந்தான். நிரப்பியது நான், கையெழுத்து அவன். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கையெழுத்துப் போடும்போது அவன் பேனையை இரண்டு தரம் கீழே வைத்தான் என்பது ஞாபகம் இருக்கிறது.

பால் பொங்கியது. கிழக்குப் பக்கமாகவே பொங்கி வழிந்ததாக எல்லோருக்கும் சந்தோசம். திறந்த கடையைப் பிறகு யார் பூட்டிச் சீலிங்கைக் கழற்றுவது? 'அடுத்த மாதம்', 'தீபாவளி போகட்டும்', 'பொங்கல் போகட்டும்' என்று கோகிலன் சொல்லிக்கொண்டே போனான். தவசீலனும் கேட்பதை நிறுத்திவிட்டான்.

இதுவரை நடந்தது பயத்தாலும் அவசரத்தாலும் எவரும் செய்யக்கூடிய பிழை என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது அப்படியல்ல. பால் காய்ச்சிய அன்றே அவன் ஒரு கிளாஸ் பாலோடு மேலே கனகம்மா வீட்டுக்குப் போனான். கனகம்மாவுக்கு அந்த நேரம் பொபினியில் நிலத்தோடு இருக்கிற ஒரு வீடு தருவதாக மாநகரசபைக் கடிதம் வந்திருந்தது. படி இல்லை, சக்கர நாற்காலி வாசல்வரை போகும். ஆனால் அவள் சுத்தம் செய்கிற ஹொட்டேல் இங்கே, புருஷனின் கை காலை அசைத்துப் பயிற்சி கொடுக்கிற கினே இங்கே, ரூ பஜோல் பிள்ளையார் கோயில் இங்கே. "தம்பி, கீழை சட்டி வைக்கப்போறாங்கள். நாங்கள் இருக்கலாமோ போறதோ, நீ சொல்லு," என்று கேட்டாள்.

"ஒரு மணித்தியாலம் தாங்கும் அக்கா. நான் அடிச்ச சீலிங்," என்றான்.

அடுத்தநாள் கனகம்மா என் மேசைக்கு வந்து, பொபினி வீடு வேண்டாமென்று கடிதம் எழுதுவித்துக்கொண்டு போனாள். அதையும் நான்தான் எழுதினேன். பாருங்கள், எல்லாப் பாவத்துக்கும் என்னிடம் ஒரு கொப்பி இருக்கிறது.

இரண்டு வருடம் கழித்து, ஒரு மழைநாளில், தவசீலன் என் மேசைக்கு வந்து ஆட்கள் போகும்வரை காத்திருந்தான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். நித்திரை இல்லை என்றான். கோகிலன் கடை வாசலால் போகாமல் சுற்றிப் போகிறானாம். முதலில் மனத்துக்குள் கணக்குப் பார்த்தானாம்: முழுவதும் ரோஸ் என்றால் ஒரு மணித்தியாலம், பாதி வெள்ளை என்றால் முக்கால் மணித்தியாலமாவது வராதா, சரி, அரை மணித்தியாலம்? "அப்பிடிக் கணக்கே இல்லை எண்டு எனக்குத் தெரியும் அக்கா. தெரிஞ்சுகொண்டும் கணக்குப் பாத்தன். நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ."

நான் எழுதவில்லை. "உனக்கென்ன விசரோ?" என்றேன். "பொய்ப் பத்திரத்திலை கையெழுத்து வைச்சனான் எண்டு நீயே எழுதிக் குடுக்கப்போறியோ? குடியுரிமை பைல் உள்ளுக்கை கிடக்குது. கிணறு வெட்டப் பூதம் புறப்படும். வாயை மூடிக்கொண்டு இரு. ஒண்டும் நடக்காது."

நான் அவனுக்காகத்தான் சொன்னேன் என்று அப்போது நினைத்தேன். அந்தப் பத்திரத்தை நிரப்பியது என் எழுத்து என்பதை நினைக்காமலா இருந்தேன்? நினைத்தேன். அதுதான் உண்மை.

போன டிசம்பரில் கோகிலனின் கடையில் நெருப்புப் பிடித்தது. மத்தியான நேரம். புகை இழுக்கிற கூண்டில் உறைந்திருந்த எண்ணெய் பற்றிக்கொண்டது. சமையல்காரர்கள் நெருப்பணைக்கும் சிலிண்டரை அடித்து ஏழெட்டு நிமிடத்தில் அணைத்துவிட்டார்கள். தீயணைப்பு வண்டி வந்தபோது புகைதான் இருந்தது. சீலிங்கில் ஒரு பாய் அளவு கறுத்திருந்தது. அது தற்செயலாக ரோஸ் பாதி. அது தற்செயல் என்று தெரிந்தவர்கள் மூன்று பேர். மற்றவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் சொன்னார்கள்: தவசீலனின் சீலிங் காப்பாற்றிப்போட்டுது.

எங்கள் சனத்துக்கு ஒருவனைப் பிடித்துவிட்டால் சும்மா விடாது. பொன்னாடை போர்த்தியே தீரவேண்டும். வர்த்தகர்களின் பொங்கல் விழாவில் போர்த்துவதென்று முடிவானது. முன்னுக்கு நின்றவன் கோகிலன்தான். நெருப்புக்குப் பிறகு வாடிக்கை குறைந்துவிடக்கூடாது அல்லவா? மடல் எழுத என்னிடம் வந்தான். "அக்கா, அந்த ஒரு மணித்தியாலத்தையும் போட்டு எழுதுங்கோ," என்று என் கண்ணைப் பார்க்காமல் சொன்னான். ஊரோடு ஒத்து வாழ் என்று என் மனத்துக்கு நானே சொல்லிக்கொண்டு எழுதினேன்: 'அன்னார் அமைத்த சீலிங் ஒரு மணித்தியாலம் தீயைத் தாங்கி இரு உயிர்களைக் காத்தது.' நெருப்பு ஏழெட்டு நிமிடம்தான் எரிந்தது. அதைக்கூட யாரும் கேட்கவில்லை.

தவசீலன் வரமாட்டேன் என்றான், காய்ச்சல் என்றான். கோகிலன் காரோடு போய் ஏற்றி வந்தான். மேடையில் மஞ்சள் சரிகைப் பொன்னாடையோடு அவன் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தால், பல் பிடுங்கக் கூட்டிவந்த ஆள் என்றுதான் சொல்வீர்கள். தலைவர் மடலை ராகம் போட்டு வாசித்தார். என் வரி வந்தபோது எனக்கு முகம் சுட்டது. பிறகு, இரண்டு வார்த்தை பேசட்டும் என்று கனகம்மாவிடம் மைக்கைக் கொடுத்தார்கள்.

"அண்டைக்கு நான் இவருக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தனான்," என்று தொடங்கினாள். "கீழையிருந்து புகை வருது. ஓடுங்கோ ஓடுங்கோ எண்டு சத்தம். மூண்டாம் மாடிப் பெடியன் ஓடிவந்து, அன்ரி, அங்கிளைத் தூக்குவம் எண்டு நிக்கிறான். நீ போ ராசா எண்டன். தவசீலன் தம்பி ஒரு மணித்தியாலம் தாங்கும் எண்டு சொன்னவன், அவசரமில்லை எண்டன். கஞ்சியை முழுக்கப் பருக்கி, வாயைத் துடைச்சு, சாரத்தையும் மாத்தினன். பாத்தா, நெருப்பு நூந்துபோச்சு!"

மண்டபம் சிரித்துக் கைதட்டியது. தவசீலன் எழுந்து கும்பிட்டான். கும்பிட்ட கை பிரியவேயில்லை. அந்தக் கைக்கு மேலால் அவன் என்னைத்தான் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நெருப்பு வெள்ளைப் பக்கமாகப் பிடித்திருந்தால், கனகம்மா கஞ்சிக் கோப்பையோடு அங்கேயே இருந்திருப்பாள். அவன் சொல்லாமல் விட்டிருந்தால் ஓடியிருப்பாள். உதவிக்கு வந்தவனையும் அனுப்பிவிட்டாளே!

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவன் என் வீட்டு வாசலில் நின்றான். "கடிதத்துக்கு வரேல்லை அக்கா. என்னோடை கனகம்மாக்கா வீட்டை வாங்கோ. தனியப் போகப் பயமாக் கிடக்கு." எனக்கும் பயம்தான். ஆனால் இந்த முறை மறுக்க வாய் வரவில்லை.

கடிதமும் பிறகு போனது. கடையைப் பூட்டிச் சீலிங்கைப் பிரித்தார்கள். தவசீலனுக்கு வேலை கொடுக்கத் தெருவில் ஆள் இல்லை. குடியுரிமை பைல் எங்கே கிடக்கிறதென்று தெரியாது. கோகிலன் என்னோடும் கதைப்பதில்லை. அவையெல்லாம் வரும் என்று தெரிந்துதான் போனோம். நான் சொல்லவந்தது அன்று காலை நடந்தது.

கனகம்மா கதவைத் திறந்து, வாயெல்லாம் பல்லாக, "வா தம்பி, தேத்தண்ணி போடுறன்," என்றாள். அவன் உட்காரவில்லை. நின்றபடி சொன்னான். பாதி வெள்ளை, எட்டு ஓட்டை, ஆறு படம், பாலோடு வந்து சொன்ன பொய், ஒன்றையும் விடவில்லை. கோகிலனின் பெயரைக்கூட எடுக்கவில்லை. நான் செய்தனான், நான் செய்தனான் என்றே சொன்னான். எனக்கு முதலே தெரியும் என்று நானும் சொன்னேன். கட்டிலில் கிடந்த பூபாலசிங்கம் இடது கண்ணால் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

கனகம்மா அழுவாள், ஏசுவாள், மண்ணள்ளித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காலுக்குக் கீழே இருப்பதைப் பார்ப்பதுபோல அப்படிப் பார்த்தாள்.

"இண்டைக்கு நாங்கள் எங்கை படுக்கிறது?" என்று கேட்டாள்.

"எங்கடை வீட்டை. நிருபா அறையை ஒழுங்குபடுத்திப்போட்டாள். நான் இவரைத் தூக்குறன் அக்கா."

கனகம்மா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். பிறகு ஒரு பையில் மருந்தும் இரண்டு சாரமும் எடுத்து வைத்தாள்.

அந்தக் கட்டடத்துப் படி வளைந்து வளைந்து போவது. ஒரு ஆள் சும்மா இறங்கவே சுவரைப் பிடிக்கவேண்டும். தவசீலன் பூபாலசிங்கத்தை முதுகில் ஏற்றி, படுக்கை விரிப்பால் தன்னோடு சேர்த்துக் கட்டினான். நான் ஒரு படி கீழே நின்று அவருடைய கால்களைப் பிடித்தேன். பிளாக்கோ சுமந்தே தேய்ந்த முதுகு. மூன்று படிக்கொருதரம் நிற்கவேண்டியிருந்தது. முதல் வளைவில் அவருடைய விளங்காத வலக்கை படிக் கம்பிக்குள் சிக்கிக்கொண்டது; அதை எடுக்கவே ஐந்து நிமிடம். இரண்டாவது வளைவில் பூபாலசிங்கத்துக்கு மூச்சு வாங்கியது. படியில் இருத்தித் தண்ணீர் பருக்கினோம். விரிப்பை அவிழ்த்துத் திரும்பக் கட்டினோம். கனகம்மா பையோடு பின்னால் ஒவ்வொரு படியாக வந்தாள்.

கீழ்வாசலில் நாற்காலி போட்டு அவரை இருத்தியபோது தவசீலனுக்குச் சட்டையெல்லாம் நனைந்திருந்தது. கனகம்மா கைப்பேசியில் நேரம் பார்த்தாள்.

"இருபத்தெட்டு நிமிசம்," என்றாள். "புகை இல்லை, நெருப்பு இல்லை, ரெண்டு பேர் பிடிக்க." பிறகு அவனை நிமிர்ந்து பார்த்தாள். இவ்வளவு காலமும் நீ, தம்பி என்று அழைத்தவள், "நீங்கள் அடிச்ச சீலிங் எத்தினை நிமிசம் தாங்கும்?" என்று கேட்டாள்.

அவனுடைய நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கவில்லை.

"தெரியாதக்கா," என்றான்.

கனகம்மா குனிந்து, புருஷனின் காலில் கழன்றிருந்த காலுறையை மேலே இழுத்துவிட்டாள்.